பல்பை மாற்றியும் யூனிட் குறையவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். வெயில் காலத்தில் மாதம் 500 யூனிட் வரை ஓடுகிறது. பத்து சி.எஃப்.எல். பல்புகளையும் எல்.இ.டி.யாக மாற்றிவிட்டேன். செல்போன் சார்ஜரைக்கூட வேலை முடிந்ததும் பிடுங்கி வைக்கிறோம். அப்படியும் குறைந்ததாகத் தெரியவில்லை. படுக்கையறையில் ஒன்றரை டன் ஏசி (கம்ப்ரசர் வேகம் மாறும் இன்வெர்ட்டர் வகை இல்லை), இரவில் 7 மணி நேரம், 22 டிகிரியில் ஓடும். 12 வருடப் பழைய ஃபிரிட்ஜ், காலையிலிருந்து இரவு வரை ஆனிலேயே இருக்கும் 15 லிட்டர் கீசர், 5 சீலிங் ஃபேன், 1 ஹெச்.பி. தண்ணீர் மோட்டார், மின்தடைக்கு பேட்டரியுடன் ஒரு இன்வெர்ட்டர், டி.வி., வைஃபை, வாஷிங் மெஷின் இருக்கின்றன. சென்ற மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு 3 நாள் வெளியூர் போயிருந்தோம். ஃபிரிட்ஜ் மட்டும்தான் ஓடியது என்று நினைக்கிறேன். ஆனால் 8 யூனிட் ஏறியிருந்தது. மீட்டரில் கோளாறா? இரவில் ஃபிரிட்ஜை நிறுத்தி வைக்கலாமா? பிளக்கில் செருகினால் மின்சாரம் மிச்சமாகும் என்று ஒரு கருவி விற்கிறார்களே, வாங்கலாமா? எதில் முதலில் கை வைப்பது?

பதில்: பூட்டிய வீட்டில் ஏறிய அந்த 8 யூனிட்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தகவல். அதற்கு வரும் முன் பல்புக் கணக்கை முடித்துவிடலாம்.

15 வாட் சி.எஃப்.எல்.லை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. போட்டால் பல்புக்கு 6 வாட் மிச்சம். பத்து பல்பு, தினம் 5 மணி நேரம், 30 நாள் என்றால் 9 யூனிட். உண்மையான மிச்சம்தான். ஆனால் 500-ல் 9 போனால் கண்ணுக்குத் தெரியாது. நான்கு நாள் புழுக்கம் கூடினால் ஏசியே அதைத் தின்றுவிடும். பழைய 60 வாட் குண்டு பல்பிலிருந்து மாறியிருந்தால் கதை வேறு. சார்ஜர் இன்னும் அற்பம். போன் மாட்டாமல் சும்மா செருகியிருக்கும் நல்ல சார்ஜர் ஒன்று மாதத்துக்குக் கால் யூனிட்டைக்கூடத் தாண்டாது.

ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடும் செலவு. எந்தக் கருவிக்கும் வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். அதிக வாட் உள்ள கருவியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அயர்ன் பாக்ஸ் 1,000 வாட்தான், ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடினால் மாதம் நான்கு யூனிட்டோடு போய்விடும். 12 வாட் செட்டாப் பாக்ஸ் 24 மணி நேரமும் உயிரோடு இருந்தால் மாதம் எட்டரை யூனிட்.

நீங்கள் சொன்ன கருவிகளையும் நேரங்களையும் வைத்துப் பார்த்தால் உங்கள் மாதக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: ஏசி 200, ஃபேன்கள் 90, கீசர் 64, ஃபிரிட்ஜ் 42, மோட்டார் 33, டி.வி., செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் மூன்றும் சேர்ந்து 26, இன்வெர்ட்டர் 20 சொச்சம், பல்புகள் 13, வாஷிங் மெஷின் 10. கூட்டினால் 500-ஐ ஒட்டி வருகிறது. எனவே மீட்டரைச் சந்தேகிக்க இப்போதைக்குக் காரணம் இல்லை. இதெல்லாம் மதிப்பீடுதான். உங்கள் வீட்டின் நிஜ எண்களை நீங்களே எடுத்துவிடலாம், தனியாகக் கருவி எதுவும் வேண்டாம்.

மீட்டரில் மின்னும் சிவப்புப் புள்ளி

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 அல்லது 1600 என்று இருப்பது வழக்கம், சிலவற்றில் 1000. 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். 3200 என்றால் 1125, 1600 என்றால் 2250, 1000 என்றால் 3600. இனி ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்த்து, அந்த விநாடியால் இந்த எண்ணை வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 3200 மீட்டரில் 10 விநாடிக்கு ஒரு முறை மின்னினால் 112 வாட். 37 விநாடிக்கு ஒரு முறை என்றால் 30 வாட். வேகமாக மின்னும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. செல்போனில் வீடியோ எடுத்து 20 மின்னலுக்கு ஆன நேரத்தைப் பார்த்து, அதை 20-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 8 யூனிட். 3 நாள் என்பது 72 மணி நேரம். 8 யூனிட்டை அதில் பரப்பினால் சராசரி 111 வாட். அந்த வயது ஃபிரிட்ஜ் நாளுக்கு 1.4 யூனிட் என்று வைத்தால் மூன்று நாளில் 4.2 போகும். மிச்சம் 3.8 யூனிட், அதாவது விடாமல் 53 வாட். ரவுட்டருக்கு 8, செட்டாப் பாக்ஸுக்கு 12 கழித்தால் 33 வாட்டுக்குக் கணக்கு இல்லை. சின்ன எண்ணாகத் தெரியும். மாதம் முழுக்க ஓடினால் 24 யூனிட், அதுவும் வெயில், மழை எல்லா மாதமும்.

இந்த 33 வாட்டை யார் எடுத்தது? வயரிங்கில் எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் தரைக்குக் கசிகிறது என்று பலர் உடனே சொல்வார்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) இருந்து அது ஒழுங்காக வேலை செய்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. 230 வோல்ட் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 7 வாட்தான், அதற்கு மேல் போனால் அது டிரிப் ஆகிவிடும். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் லீக்கேஜையும் பட்டியலில் வையுங்கள். மிச்சத்தை விட உயிருக்காகவே ஒன்று மாட்டிவிடுங்கள்.

என் முதல் சந்தேகம் இன்வெர்ட்டர் பேட்டரி மேல். நல்ல பேட்டரி முழுதாக ஏறிய பிறகு சார்ஜர் மிகக் குறைவாகவே இழுக்கும். நான்கைந்து வருடமான லெட் ஆசிட் பேட்டரி முழுக் கொள்ளளவுக்கு வராது, சார்ஜர் விடாமல் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அது சூடாகவும் தண்ணீர் ஆவியாகவும் போய்விடும். அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது, மின்தடை இல்லாத நாளிலும் பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் அதுதான். இரண்டாவது, கீசர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளம்பினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சூடான தண்ணீரைச் சும்மா காவல் காக்கவே 25 வாட் போகும். மூன்றாவது, ஏசிக்கு ஸ்டெபிலைசர் இருந்தால், ரிமோட்டில் ஏசியை அணைத்த பின்னும் அதன் டிரான்ஸ்ஃபார்மர் 10, 15 வாட் தின்றுகொண்டிருக்கும். அதைச் சுவரிலேயே அணைக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி இது. ஓர் இரவு, ஊருக்குப் போன அன்று அணைத்த சுவிட்சுகளை மட்டும் அணையுங்கள், ஃபிரிட்ஜ் பிளக்கையும் அரை மணி நேரம் எடுத்துவிடுங்கள். ஒருவர் மீட்டர் முன்னால் நிற்கட்டும். மின்னும் இடைவெளியைக் குறித்துக்கொண்டு எம்.சி.பி.க்களை (மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சின்ன சுவிட்சுகளை) ஒவ்வொன்றாகக் கீழே தள்ளுங்கள். எதைத் தள்ளும்போது இடைவெளி சட்டென்று நீள்கிறதோ அந்த லைனில் ஆள் இருக்கிறான். எல்லாம் போன பின் 3200 மீட்டரில் இரண்டரை நிமிடம் காத்தும் மின்னவில்லை என்றால் மிச்சம் 7, 8 வாட்டுக்குக் கீழே, விட்டுவிடலாம். மெயின் சுவிட்சையே அணைத்த பிறகும் விடாமல் மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ எடுக்கிறார்கள், அல்லது மீட்டர் பழுது. அப்போது மின் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். நீங்களோ உங்கள் எலெக்ட்ரீஷியனோ மீட்டர் சீலைத் தொடக் கூடாது.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்ற ஐயத்தையும் இதிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஏற்கனவே ஆறிய தண்ணீர் உள்ள 2,000 வாட் கீசரை மட்டும் போடுங்கள். 3200 மீட்டரில் 20 மின்னலுக்குப் பதினொன்றேகால் விநாடி ஆக வேண்டும். வோல்டேஜ் குறைந்திருந்தால் கீசர் எடுக்கும் வாட் அதன் வர்க்க விகிதத்தில் குறையும், 5 சதவீதம் இறங்கினால் வாட் சுமார் 10 சதவீதம் இறங்கும். காயிலின் தயாரிப்பிலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் உண்டு. எனவே ஒன்று, ஒன்றரை விநாடி வித்தியாசத்தை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். 8 விநாடியிலேயே 20 முறை மின்னிவிட்டது என்றால் புகார் கொடுக்கலாம்.

ஏசி: கம்ப்ரசர் ஓடும் நிமிடங்கள்

உங்கள் ஏசியில் கம்ப்ரசர் ஓடினால் சுமார் 1,600 வாட், நின்றால் உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் மட்டும். பாதி வேகம் என்று ஒன்று இல்லை. எனவே உங்கள் செலவு என்பது ஓர் இரவில் அது எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதுதான். ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது இந்த வகைக்குப் பொருந்தாது. 16-க்கும் 24-க்கும் குளிர்விக்கும் வேகம் ஒன்றே. எப்போது நிற்பது என்பதை மட்டுமே ரிமோட் சொல்கிறது.

வெளியே இரவில் 32 டிகிரி என்று வைப்போம். அறை 22-ல் இருந்தால் வித்தியாசம் 10, 26-ல் இருந்தால் 6. சுவர், ஜன்னல் வழியே நுழையும் வெப்பம் அந்த விகிதத்தில் குறையும். உடல் சூடும் காற்றிலுள்ள ஈரமும் அப்படியே இருப்பதால் மொத்தச் செலவு அவ்வளவு குறையாது. ஒரு டிகிரிக்கு 5, 6 சதவீதம் என்று கணக்கு வைப்பது நியாயம். 22-லிருந்து 26-க்குப் போனால் உங்கள் 200-ல் 40, 45 யூனிட் குறையும். 26 புழுக்கமாக இருக்குமே என்றால் ஃபேனைக் குறைந்த வேகத்தில் சேர்த்துப் போடுங்கள். உடம்பில் காற்றுப் பட்டால் 2, 3 டிகிரி குறைவாகவே உணர்வோம். ஒரே நாளில் தாவ வேண்டாம், மூன்று இரவுக்கு ஒரு டிகிரி என்று ஏற்றினால் வீட்டில் யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

26-ல் வைத்தும் வெளி யூனிட் இரவு முழுக்க நிற்காமல் ஓடினால் வேறு கோளாறு. சமையலறைக்கு வாங்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஏசி 15 நிமிடம் ஓடிய பின், காற்று உள்ளே இழுக்கப்படும் மேல்பக்கம் ஒரு தடவை, குளிர்காற்று வெளியேறும் வாயில் ஒரு தடவை அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் நலம். 7-க்குக் கீழே என்றால் காயில் அழுக்கு அல்லது கேஸ் குறைவு. 14-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை, பெரும்பாலும் ஃபில்டர் அடைப்புதான். ஃபில்டரை ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீரில், தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்று போக இடம் வேண்டும். பால்கனி மூலையில் சாமான்களுக்கு நடுவே அடைத்து வைத்தால் தான் விட்ட வெப்பக் காற்றையே அது திரும்ப இழுக்கும்.

வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும் என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸ் செலவாகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது. செம்புக் குழாய் சேரும் நட்டுகளின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் இடம் அதுதான். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் மறுபடி அதே செலவு, இடைப்பட்ட மாதங்களில் குறைந்த கேஸோடு கம்ப்ரசர் இரட்டிப்பு நேரம் ஓடிய கரண்டும் சேரும்.

படுக்கையறை மேற்குப் பார்த்ததா? மாலை வெயில் நேரடியாக விழும் கண்ணாடி, சதுர மீட்டருக்குப் பல நூறு வாட் சூட்டை உள்ளே கொண்டுவரும். உள்ளே திரை போட்டால் ஒளி குறையும், ஆனால் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தடுக்க வேண்டும்: பாய், தட்டி, நிழல் வலை, எதுவானாலும் சரி. இரவில் ஏசி போடும் முன் வெளிக்காற்று அறையை விடக் குளிர்ந்திருந்தால் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்து, பகலில் சேர்ந்த சூட்டை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கதவடி இடைவெளியில் ஒரு பிரஷ் பட்டை ஒட்டுங்கள். விழிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அணையும்படி டைமர் வையுங்கள், குளிர்ந்த சுவரும் மெத்தையும் அதுவரை தாங்கும்.

கீசர்

15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 0.58 யூனிட் ஆகும். 2,000 வாட் கீசருக்கு 17, 18 நிமிட வேலை. நாள் முழுக்க ஆனில் இருந்தால், யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும், ஆறிய சூட்டை ஈடுகட்ட அது அவ்வப்போது ஓடும். இதிலேயே நாளுக்கு அரை யூனிட்டுக்கு மேல் போகும், மாதம் 18 என்று உங்கள் கணக்கில் வைத்திருக்கிறேன். ஆறவிட்டுத் திரும்பச் சூடேற்றினால் கூடுதல் செலவாகுமே என்று நினைத்துத்தான் பலர் அணைப்பதில்லை. அது சரியில்லை. தொட்டி எவ்வளவு நேரம் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வெப்பம் வெளியேறும். ஆறிய தொட்டி இழப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கும். குளிப்பதற்கு 20 நிமிடம் முன்னால் போட்டு, நான்கு பேரும் அடுத்தடுத்துக் குளித்து, அணைத்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்கச் சொல்லும் அறிவுரையை மட்டும் நான் தருவதில்லை. 25 முதல் 45 டிகிரி வரை உள்ள தண்ணீர் தேங்கி நின்றால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும், அது நுரையீரலைத் தாக்கும். 60-க்கு ஏற்றினால் அது சாகும். எனவே 60-லேயே இருக்கட்டும், நேரத்தில் மிச்சம் பிடியுங்கள். வெந்நீர் 60-ல் சுடும், குழந்தைகள் இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரைத் திறக்கப் பழக்குங்கள்.

ஷவரில் குளிப்பவர்கள் 10 லிட்டர் வாளியைக் கீழே வைத்து ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். வாளி நிரம்பினால் அந்த ஷவர் முகத்தை மாற்றி நிமிடத்துக்கு 6 லிட்டர் வருவதைப் போடலாம். வெந்நீர்க் குழாய் சொட்டினால் உடனே வாஷரை மாற்றுங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 15 முதல் 20 லிட்டர், கீசர் ஆனிலேயே இருந்தால் 0.6 முதல் 0.8 யூனிட் சாக்கடையில் போகிறது. காயிலில் உப்புப் படிந்தால் கரண்ட் கூடும் என்பார்கள். காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும், யூனிட் பெரிதாக ஏறாது. ஆனால் உப்புக்கு அடியில் காயில் அளவுக்கு மீறிக் காய்ந்து எரிந்துபோகும். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் வருடம் ஒரு முறை உள்ளே சுத்தம் செய்து, தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியம் ராடு கரைந்திருந்தால் மாற்றுவது கீசரின் ஆயுளுக்காக.

ஃபிரிட்ஜை இரவில் நிறுத்தலாமா

வேண்டாம். எட்டு மணி நேரம் நின்றால் உள்ளே 5 டிகிரியைத் தாண்டிவிடும், அதற்கு மேல் கிருமிகள் வேகமாகப் பெருகும். உள்ளே ஏறிய சூட்டையெல்லாம் காலையில் கம்ப்ரசர் ஒரே மூச்சில் வெளியேற்ற வேண்டும், மிச்சம் என்று சொல்லும்படி ஒன்றும் தேறாது.

பார்க்க வேண்டியது கதவு ரப்பர். ஒரு தாளைப் பாதி வெளியே தெரியும்படி வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிமானத்தோடு வர வேண்டும், நழுவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்துவிட்டது. நான்கு பக்கமும், கீல் பக்கம் உட்படப் பாருங்கள். சில சமயம் அழுக்குதான் காரணம், சோப்புத் தண்ணீரில் துடைத்து வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றினால் ரப்பர் உருவத்துக்கு வரும். வராவிட்டால் அந்த மாடலுக்கான கேஸ்கட் மட்டும் தனியாகக் கிடைக்கும். பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை உள்ள மாடலானால் பிளக்கை எடுத்துவிட்டு மென்மையான பிரஷால் தூசி தட்டுங்கள், சுவருக்கும் அதற்கும் 10 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். உள்ளே 4 டிகிரியும் ஃப்ரீசரில் மைனஸ் 18-ம் போதும். டயலில் பெரிய எண் என்றால் பெரும்பாலும் அதிகக் குளிர், அதிகச் செலவு. தண்ணீர் டம்ளர் ஒன்றில் தெர்மாமீட்டரைப் போட்டு ஓர் இரவு வைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் நாளுக்கு 1.4 யூனிட் என்றால், அதே அளவுள்ள புதிய இன்வெர்ட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் அதில் பாதியோடு முடித்துவிடும், மாதம் 20 யூனிட் குறையும். பழையதை மாடியில் தண்ணீர் குளிர வைக்க என்று ஓடவிட்டால் மாற்றியதன் பலன் போயே போய்விட்டது.

ஃபேன், மோட்டார்

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70, 75 வாட். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் அளவில் போதும். ஐந்தையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றும் இரண்டை மட்டும் முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறை ஃபேன் எவ்வளவு பழசாக இருந்தால் என்ன, அது சுற்றுவதே இல்லை. மாற்றும்போது சுவரிலிருக்கும் பழைய ரெகுலேட்டரை எலெக்ட்ரீஷியன் லைனிலிருந்து கழற்றிவிட வேண்டும். பி.எல்.டி.சி.க்குள் சர்க்யூட் போர்டு இருக்கிறது. ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் ஃபேன் இரையும், போர்டு சீக்கிரம் போகும். அது உள்ளே இருந்தபடி முழு வேகத்தில் வைத்தால் போதும் என்று சிலர் விட்டுவிடுவார்கள், பிறகு வீட்டில் யாராவது திருப்பிவிடுவார்கள்.

மோட்டார் விஷயத்தில் ஓர் எண்ணைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 12 மீட்டர் மேலே தூக்க இயற்பியல் கேட்பது 0.033 யூனிட்தான். உங்கள் 1 ஹெச்.பி. மோட்டார் அரை மணி நேரம் ஓடி அதைச் செய்தால் அரை யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. மோட்டாரிலும் பம்பிலும் கொஞ்சம் இழப்பு தவிர்க்க முடியாதது. ஆனால் கூடுதலாகப் போவது குறுகிய குழாய், தேவையில்லாத வளைவுகள், தேய்ந்த இம்பெல்லர், உறிஞ்சும் பக்கம் காற்றிழுக்கும் இணைப்பு இவற்றால். ஒன்றேகால் அங்குலக் குழாய் வர வேண்டிய இடத்தில் ஓர் அங்குலம் போட்டிருந்தால் அதே நீரோட்டத்துக்கு உராய்வு ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

தொட்டி காலியிலிருந்து நிரம்ப எத்தனை நிமிடம் என்று இன்று ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். 25 நிமிடமாக இருந்தது 35 ஆனால் ஃபுட் வால்வு, உறிஞ்சு குழாய் இணைப்பு, கெபாசிட்டர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி நிரம்பி வழிவதை நிறுத்த ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போதும். நிரப்பிய தண்ணீர் சத்தமில்லாமல் போகும் இடம் டாய்லெட் ஃபிளஷ் டேங்க். அதில் கொஞ்சம் நிறப்பொடியைக் கரைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது, அதற்காகத்தான் தினம் மோட்டார் கூடுதலாக ஓடுகிறது.

வாஷிங் மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் புரோகிராமைத் தவிர்த்தாலே போதும், மோட்டார் எடுப்பது அதன் பக்கத்தில் ஒன்றுமில்லை. டி.வி.யோடு செட்டாப் பாக்ஸையும் சேர்த்துச் சுவரில் அணையுங்கள், ரிமோட்டில் அணைத்தால் அது ஏறக்குறைய அதே வாட்டில்தான் விழித்திருக்கும்.

எது முதலில்

இந்த வாரமே, காசில்லாமல்: ஏசியை 26-க்குக் கொண்டுபோவது, கீசரை நேரம் பார்த்துப் போடுவது, செட்டாப் பாக்ஸ், ஸ்டெபிலைசர் இரண்டையும் சுவரில் அணைப்பது. இதில் மட்டும் 70 யூனிட்டை ஒட்டிக் குறைய வேண்டும். அடுத்தது 33 வாட் யாரென்று பிடிப்பது. பேட்டரிதான் என்று உறுதியானால் அதை மாற்றுவதை ஏசி சர்வீஸுக்கும் முன்னால் வையுங்கள், ஏனென்றால் அது வருடம் முழுக்கத் தின்கிறது, வீணாகச் சூடாகும் பேட்டரி ஆபத்தும்கூட. பிறகு இரண்டு ஃபேன், அதன் பின் ஃபிரிட்ஜ். ஏசியைக் கடைசியில் வையுங்கள். வருடத்தில் நான்கைந்து மாதம் ஓடுவது, நன்றாக ஓடும்வரை ஓடட்டும், கம்ப்ரசர் போகும்போது இன்வெர்ட்டர் வகைக்கு மாறலாம்.

காசு போட்டு ஒரு மாற்றம் செய்தால் ஒரு வாரம் வரை மீட்டர் ரீடிங்கைப் பாருங்கள், தினம் ஒரே நேரத்தில். இரண்டு மூன்றை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. வெயில் ஏறி இறங்கும் வாரத்தில் ஏசி எண்ணை நம்பவும் முடியாது.

பிளக்கில் செருகும் கருவியை வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டர், ஒரு பச்சை விளக்கு. கெபாசிட்டர் பவர் ஃபேக்டரை (இழுக்கும் கரண்டில் வேலைக்கு ஆகும் பங்கை) சரிசெய்யும், அதனால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறைந்ததாக கிளாம்ப் மீட்டரில் காட்டுவார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் வீட்டு மீட்டர் பொதுவாகப் பதிவது ஆம்பியரை அல்ல, உண்மையில் செலவான வாட்டை. அந்த வாட் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். விற்க வருபவரை உங்கள் மீட்டர் முன்னால் நிறுத்தி, மோட்டாரை ஓடவிட்டு, கருவி செருகும் முன்னும் பின்னும் 20 மின்னலுக்கு ஆகும் நேரத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால் கழற்றிவிடுங்கள். மலிவான கெபாசிட்டர் வீங்கி பிளக் பாயின்ட்டைக் கருக்கிவிடும்.